தவிட்டுக்கு விற்ற பிள்ளை

“இவர் உங்கள் மகளா?” என்று அந்தப் பெண் அதிகாரி மலாயில் கேட்டார். கேள்வி தொண்ணூறு வயதான என் அம்மாவுக்கு. கை காட்டியது என் அக்காவை. அம்மா சக்கர நாற்காலியில் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தாள். அதிகாரியையும் பார்க்கவில்லை, அக்காவையும் பார்க்கவில்லை. மேசை மேலிருந்த பேனாக் குவளையைப் பார்த்துக்கொண்டு “புக்கான்” என்றாள். மலாய் மொழியில் அதற்கு ‘இல்லை’ என்று அர்த்தம்.

கிழவிக்குக் கேள்வி விளங்கவில்லை என்று அதிகாரி நினைத்துவிட்டார். குரலை உயர்த்தி, நிறுத்தி நிறுத்தி, நீங்கள் பெற்ற பிள்ளையா என்று மறுபடி கேட்டார். அம்மா இந்த முறை தமிழில் சொன்னாள். “இது எம் புள்ள இல்ல. பக்கத்து வீட்டுக்காரி புள்ள. நான் வளத்தேன், அவ்வளவுதான்.” என்னைப் பார்த்து, “மலாயில சொல்லு அந்தப் பொண்ணுகிட்ட” என்று வேறு உத்தரவு போட்டாள். நான் சொல்லவில்லை. எனக்கு வந்த கோபத்தில் காது இரண்டும் சூடாகிவிட்டன.

எந்த அலுவலகம் என்பது முக்கியமில்லை. ஈப்போவில் இருக்கிறது, காலை ஏழு மணிக்கே வரிசை கட்டிவிடுகிறது, அவ்வளவு போதும். அந்த நாளுக்காக நான் ஆறு மாதம் அலைந்திருந்தேன். ஒரு தனியார் கிளினிக்கின் முகப்பில் முப்பது வருடம் உட்கார்ந்தவள் நான். படிவம் என்றால் எனக்குப் பயமில்லை. நாங்கள் இருக்கும் குனோங் ராபாட் வட்டாரத்தில் பாதிப் பேருக்கு நான்தான் படிவம் நிரப்பிக் கொடுத்திருப்பேன். ஆனால் கூட வந்த சாட்சியே கட்சி மாறினால் எந்தக் கட்டத்தில் என்ன எழுதுவது? சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பார்கள். அன்றைக்குப் பூசாரி தயாராகத்தான் இருந்தார். சாமிதான் வாயைத் திறக்கவில்லை.

என் அக்காவிடம் இருப்பது சிவப்பு ஐசி. வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம், அதனால் சொல்கிறேன். இந்த நாட்டில் குடியுரிமை உள்ளவர்களுக்கு அடையாள அட்டை நீலம். இருக்க அனுமதி மட்டும் உள்ளவர்களுக்குச் சிவப்பு. சிவப்பு வைத்திருப்பவர் இங்கேயே பிறந்து, இங்கேயே உழைத்து, இங்கேயே சாகலாம். ஆனால் இந்த ஊர்க்காரர் கிடையாது. எனக்கு நீலம், அம்மாவுக்கு நீலம், செத்துப்போன அப்பாவுக்கும் நீலம். ஒரே வீட்டில், ஒரே வயிற்றில் பிறந்த அக்காவுக்கு மட்டும் அறுபத்தெட்டு வயதிலும் சிவப்பு. அதை நீலமாக மாற்ற இருந்த கடைசி வழி, இவள் நான் பெற்ற பிள்ளை என்று அம்மா தன் வாயால் சொல்லிக் கைநாட்டு வைப்பது. அம்மா போய்விட்டால் அதைச் சொல்ல உலகத்தில் ஆள் இல்லை. பிரசவம் பார்த்தவள், பக்கத்து வீட்டார், அப்பா எல்லோரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

அம்மா ஏன் அப்படிச் சொன்னாள் என்பது எனக்கும் தெரியும், அக்காவுக்கும் தெரியும். தெரிந்ததால்தான் கோபம் இன்னும் கூடியது.

அக்காவுக்கு முன்னால் அம்மாவுக்கு மூன்று பிள்ளைகள் பிறந்து செத்தன. ஒன்று பிறந்த அன்றே. ஒன்று நாற்பது நாளில். மூன்றாவது, ஆண், தவழத் தொடங்கிய பிறகு. ஹுத்தான் மெலிந்தாங் பக்கம் ஒரு ரப்பர் தோட்டம் அது. வெள்ளைக்கார துரை பங்களாவில் இருந்த கடைசி வருடங்கள். மூன்றையும் லயத்துக்கு, அதாவது தோட்டத்து வரிசை வீடுகளுக்கு, பின்னால் ஆற்றோரத்தில் புதைத்தார்கள். நாலாவது பிறந்தபோது அம்மாவுக்கு இருபத்திரண்டு வயது. பிள்ளை பிறந்த மூன்றாம் நாள், பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டு, முறத்தில் போட்டு, ஒரு படி தவிட்டுக்கு விற்றுவிட்டாள்.

சீமையிலிருந்து, அதாவது இந்தியாவிலிருந்து, நம் ஆட்கள் கூடவே கொண்டுவந்த வழக்கம் அது. பிள்ளை தங்காத வீட்டில் அடுத்த பிள்ளையைத் தவிட்டுக்கோ உமிக்கோ விற்றுவிட வேண்டும். வாங்கியவள்தான் அதற்கு அம்மா. பெற்றவள் வாய் தவறிக்கூட என் பிள்ளை என்று சொல்லக் கூடாது. எமன் வந்து இந்த வீட்டுப் பிள்ளை எங்கே என்று தேடினால், இங்கே பிள்ளையே இல்லை, இருப்பது பக்கத்து வீட்டுப் பிள்ளை என்று ஏமாந்து போவானாம். பெயரும் அதற்குத் தகுந்த மாதிரி, யாரும் ஆசைப்படாத பெயராக வைப்பார்கள். அக்காவுக்கு வைத்த பெயரை இங்கே எழுத எனக்கு மனமில்லை. குப்பையில் கிடப்பதன் பெயர் என்று மட்டும் சொல்கிறேன்.

மற்ற குடும்பங்களில் இரண்டு மூன்று வயதானதும் கோயிலில் வெற்றிலை பாக்கு வைத்துப் பிள்ளையைத் திருப்பி வாங்கிவிடுவார்கள். அதற்கும் சடங்கு இருக்கிறது. அம்மா வாங்கவில்லை. “நல்லா இருக்கிறத எதுக்குத் தொடணும்?” என்பாளாம். அக்கா சாப்பிட்டது, தூங்கியது எல்லாம் எங்கள் வீட்டில். ஆனால் பக்கத்து வீட்டுக்காரியை அம்மா என்றும், பெற்றவளை அத்தை என்றும் கூப்பிட்டாள். நான் பிறந்து பேசத் தொடங்கிய பிறகும் அது மாறவில்லை. ஒரே பாயில் படுத்துக்கொண்டு நான் அம்மா என்பேன், அவள் அத்தை என்பாள். எனக்கு அது வேடிக்கையாகக்கூடத் தோன்றவில்லை. எல்லா வீட்டிலும் அப்படித்தான் என்று நினைத்தேன்.

இதில் எமன் ஏமாந்தானோ இல்லையோ, அரசாங்கம் ஏமாந்துவிட்டது. பிள்ளை பிறந்ததை ஆபீசில் பதிய வேண்டும் என்று கிராணி, அதாவது தோட்டத்துக் குமாஸ்தா, சொன்னபோது பக்கத்து வீட்டுக்காரர்தான் போனார். அப்பாவும் கூடப் போனார். யார் பிள்ளை என்று கிராணி கேட்டார். பக்கத்து வீட்டுக்காரர் என்னுடையது என்றார். அப்பா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். கிராணிக்கு உண்மை தெரிந்திருக்கும். ஒரே லயத்தில் யார் வயிறு பெரிதாக இருந்தது என்று யாருக்குத்தான் தெரியாது? ஆனாலும் கேட்டதை எழுதினார். எழுதாவிட்டால் பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று அவருக்கும் பயம் இருந்திருக்கலாம். அந்தக் காகிதம் யாருக்கும் பெரிதாகத் தெரியவில்லை. துரையின் பேரேட்டில் பெயர் இருந்தால் வேலை உண்டு, அரிசி உண்டு, வீடு உண்டு. அதற்கு மேல் ஒரு காகிதம் என்ன செய்யப்போகிறது?

ஏழு மாதம் கழித்து நாட்டுக்குச் சுதந்திரம் வந்தது. துரையின் கொடி இறங்கியது. தோட்டத்தில் ஆட்டு இறைச்சி சமைத்தார்கள் என்று அப்பா சொல்லியிருக்கிறார். அதற்குப் பிறகு சில மாதங்கள் லாரி லாரியாக ஆட்களை ஏற்றிக்கொண்டு போய்க் குடியுரிமைக்கு எழுத வைத்தார்கள். அப்பாவும் அம்மாவும் போனார்கள். பக்கத்து வீட்டுக்காரர் போகவில்லை. நான்கு வருடம் சம்பாதித்துவிட்டு ஊருக்குப் போகிறவனுக்கு இந்த ஊர்ச் சீட்டு எதற்கு என்றாராம். அப்படிச் சொன்னவர்கள் எங்கள் தோட்டத்திலேயே பாதிப் பேர். சுதந்திரத்துக்குப் பிறகு பிறந்த எனக்குப் பிறந்ததாலேயே குடியுரிமை. ஏழு மாதம் முந்திப் பிறந்த அக்காவுக்கு, காகிதத்தில் இருக்கும் அப்பா அம்மா எழுதிக் கேட்டிருக்க வேண்டும். அவர்கள் தங்களுக்கே கேட்கவில்லை. பன்னிரண்டு வயதில் அக்காவுக்கு அடையாள அட்டை எடுத்தபோது சிவப்பு வந்தது. சிவப்பு நன்றாகத்தான் இருக்கிறது, பொட்டு மாதிரி என்று அக்கா சொன்னது எனக்கு ஞாபகம் இருக்கிறது.

அதற்கடுத்து நடந்ததை நான் கண்ணால் பார்த்தேன். எனக்கு அப்போது ஒன்பது வயது. குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்யப் பெர்மிட் வேண்டும் என்று சட்டம் வந்தது. பக்கத்து வீட்டுக்காரருக்குப் பெர்மிட் கிடைக்கவில்லை. பேரேட்டிலிருந்து பெயரை எடுத்துவிட்டார்கள். கப்பலேறிச் சீமைக்குப் போவதுதான் வழி. கிராணி தயாரித்த பட்டியலில் அவர்கள் வீட்டுக்கு மூன்று பெயர். கணவன், மனைவி, மகள்.

போகிற நாளுக்கு முந்தின சாயங்காலம் அந்தம்மா எங்கள் வீட்டுக்கு வந்து அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். “இப்பவாச்சும் ஒத்துக்க. எம் புள்ளன்னு கிராணிகிட்ட சொல்லிரு. பட்டியல்லருந்து பேர எடுத்துருவாரு. நான் தவிடு குடுத்து வாங்குனது ஒரு பேச்சுக்குத்தானே?” அம்மா கையை விடுவித்துக்கொண்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். மறுநாள் காலை இருட்டு பிரிவதற்குள் அக்காவை அப்பாவோடு பால்மரக் காட்டுக்கு அனுப்பிவிட்டாள். லாரி வந்தது. கிராணி மூன்று பெயரையும் படித்தார். இரண்டு பேர் ஏறினார்கள். லாரிக்காரன் ஹாரனை அடித்துக்கொண்டே இருந்தான். கிராணி அம்மாவை ஒரு பார்வை பார்த்தார். பிறகு மூன்று பேரும் ஏறிவிட்டார்கள் என்று மூன்று பெயருக்கும் பக்கத்தில் கோடு போட்டுவிட்டுக் காகிதத்தை லாரிக்காரனிடம் கொடுத்தார். நல்ல மனதோடுதான் கொடுத்தார். பிள்ளையை யாரும் தேடி வரக்கூடாது என்று நினைத்திருப்பார்.

அக்கா காட்டிலிருந்து திரும்பியபோது பக்கத்து வீடு காலி. பதிமூன்று வயதில் அவளுக்கு அம்மா என்று கூப்பிட ஆள் இல்லாமல் போயிற்று. எங்கள் அம்மா அப்போதும் அத்தையாகவே இருந்தாள். அந்த வயதில் எனக்கு அக்கா மேல் இரக்கம் வரவில்லை. எனக்கு மட்டும் அம்மா இருக்கிறாள் என்று ஒரு அசட்டுப் பெருமைதான் இருந்தது. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்மேல் அருவருப்பாக இருக்கிறது.

பிறகு துரைமார் போனார்கள். தோட்டம் கைமாறியது, ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. நாங்கள் ஈப்போவுக்கு வந்தோம். அக்கா ஒரு கையுறைத் தொழிற்சாலையில் சேர்ந்தாள். கல்யாணம் ஆனது, பிள்ளை இல்லை, கணவர் போனதும் எங்களோடு வந்து சேர்ந்தாள். சிவப்பு அட்டையைப் புதுப்பிக்கப் போகும்போதெல்லாம் புதுப்பித்துத் தந்தார்கள். ஆனால் குடியுரிமை என்று கேட்டால் மட்டும் கிணறு வெட்டப் பூதம் கிளம்பும். எங்கோ ஒரு கோப்பில் அந்த மூன்று கோடு இருக்கிறது. இந்தப் பிறப்புப் பத்திரத்தில் உள்ள பெண் பெற்றோரோடு இந்தியாவுக்குப் போய்விட்டாள், அப்படியானால் நீங்கள் யார் என்று கேட்பார்கள். மூன்று முறை எழுதினாள், மூன்று முறையும் இதே கேள்வி. குடியுரிமைக்கு வைக்கும் மலாய்மொழிச் சோதனையில் அவள் தேறிவிட்டாள். தான் தானேதான் என்று நிரூபிக்கும் சோதனையில்தான் தேறவில்லை.

தேர்தல் நாளில் அக்கா எங்களோடு பள்ளிக்கூடம் வரைக்கும் வருவாள். நாங்கள் உள்ளே போவோம். அவள் வேலி ஓரத்தில் குடைகளையும் கைப்பைகளையும் வைத்துக்கொண்டு நிற்பாள். நான் வெளியே வந்ததும் என் விரலைப் பிடித்து மையைப் பார்ப்பாள். “இது எத்தன நாள் இருக்கும்லா?” என்று ஒவ்வொரு தடவையும் கேட்பாள். சாவதற்குள் ஒரு முறையாவது அந்த வேலிக்கு உள்ளே போக வேண்டும் என்பதுதான் அவள் ஆசை. பெரிய ஆசையா அது?

அலுவலகத்திலிருந்து வெளியே வந்ததும் பக்கத்தில் ஒரு மாமாக் கடையில், அதாவது தமிழ் முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில், உட்கார்ந்தோம். கடைக்காரர் நாகூர்ப் பக்கத்துக்காரர், அம்மாவைத் தெரியும். தே தாரேக் மூன்று கொண்டுவந்து வைத்தார். எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் போனார். எனக்குப் பொறுக்கவில்லை. “ஒரு வார்த்தைம்மா. ஆமான்னு ஒரு வார்த்தை. அதுக்குக் கூடவா ஒங்களுக்கு வாய் வலிக்குது?” என்று கத்தினேன். பக்கத்து மேசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று இருந்தது.

அம்மா தேநீரைத் தொடவில்லை. “மூணையும் எம் புள்ள எம் புள்ளன்னுதான் கொஞ்சினேன்” என்றாள். “மூணையும் நாந்தான் குளிப்பாட்டிக் குழிக்குள்ள வச்சேன். இது ஒண்ணத்தான் சொல்லல. இது ஒண்ணுதான் நின்னுச்சு.”

“அப்ப நான்? என்னைய எம் புள்ளன்னு சொன்னீங்கதானே? நான் செத்தா போயிட்டேன்?”

“நீ பொறந்தப்ப அவ இருந்தா. அவ நின்னதால நீயும் நின்ன.” அம்மாவுக்கு இதில் சந்தேகமே இல்லை. இரண்டும் இரண்டும் நாலு என்பதைச் சொல்கிற மாதிரிச் சொன்னாள். “அந்த நீலச் சீட்டு வந்து இவ போயிட்டா, சீட்ட வச்சு நான் என்ன பண்ணட்டும்?”

அக்கா எங்கள் இருவரையும் விட்டுவிட்டுச் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கோபம் வரவில்லை. அது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. இரத்தம் எடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடுமே என்று பின்னால் பல பேர் என்னிடம் கேட்டார்கள். அதற்கும் அம்மா சம்மதித்துக் கைநாட்டு வைக்க வேண்டும். கைநாட்டு வைப்பதும் வாயால் சொல்வதும் அம்மாவுக்கு ஒன்றுதான்.

இரண்டு வாரம் வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. பிறகு ஒரு நாள் மதியம், அம்மாவின் காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்த அக்கா சாதாரணமாகப் பேச்சை எடுத்தாள். நான் அடுப்படியில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன்.

“அத்தை, எனக்கு அறுபத்தெட்டு முடியப் போவுது. சர்க்கர வியாதி இருக்கு. ஆறிலும் சாவு, நூறிலும் சாவு. நான் ஒங்களுக்கு முந்திப் போனா, சாவுச் சீட்டுல அம்மா பேருன்னு ஒரு எடம் இருக்கு. அதுல யாரு பேர எழுதுவாங்க?”

அம்மா தேய்த்துக்கொண்டிருந்த காலை மெல்ல இழுத்துக்கொண்டாள்.

“கப்பலேறிப் போன அந்தம்மா பேரத்தான் எழுதுவாங்க. நான் போய்ச் சேந்தப்புறமும் நீங்க எனக்கு அத்தைதான். அது மட்டும்தான் எனக்கு வருத்தம். மத்தபடி சீட்டு வந்தா என்ன, வராட்டி என்ன?”

எண்ணெய்க் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு அக்கா எழுந்து போய்விட்டாள். எனக்குக் கீரை தெரியவில்லை, கண்ணில் தண்ணீர். அம்மா அன்றைக்குச் சாப்பிடவில்லை, அடுத்த நாளும் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் காலை என்னைக் கூப்பிட்டு, “அந்த மலாய்ப் பொண்ணுகிட்ட இன்னொரு தடவ கூட்டிட்டுப் போ” என்றாள். போவதற்கு முன்னால் கோயிலுக்குப் போக வேண்டும் என்றாள். கோயிலில் அம்மா என்ன வேண்டிக்கொண்டாள் என்று தெரியாது. வெகுநேரம் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். பேரம் நடந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

அதே அதிகாரிதான். நல்ல பெண். முதல் முறை சொன்னதை மாற்றி எழுதலாம், ஆனால் ஏன் மாற்றிச் சொல்கிறார் என்பதையும் எழுத வேண்டும் என்றார். நான் தவிட்டுக் கதையை மலாயில் சொன்னேன். நடுவில் எனக்கே அது கட்டுக்கதை மாதிரி இருந்தது. அவர் தட்டச்சு செய்வதை நிறுத்திவிட்டுக் கேட்டார். எங்கள் கம்பத்திலும், அதாவது கிராமத்திலும், அடிக்கடி சீக்கு விழும் பிள்ளைக்குப் பெயரை மாற்றிவிடுவோம் என்று மெதுவாகச் சொன்னார். பிறகு அம்மாவிடம் கேட்டார்.

அம்மா அக்காவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். பிடித்த இடம் வெளுத்துப்போயிற்று. “ஆமா” என்றாள். “எம் புள்ள. நாலாவது. நான் பெத்தது.” சொல்லிவிட்டு உடனே அக்காவின் முகத்தைப் பார்த்தாள். ஏதாவது ஆகிறதா என்று பார்க்கிற பார்வை. அக்கா குனிந்து, “அம்மா” என்றாள். அறுபத்தெட்டு வயதில் அவளை முதல் முதலாக அப்படிக் கூப்பிட்டாள். அம்மா பயந்துபோய் அவள் வாயைப் பொத்தினாள்.

அம்மாவின் கட்டைவிரல் ரேகை இயந்திரத்தில் விழவில்லை. வருடக்கணக்கில் ரப்பர் பால் உறைய வைக்கும் ஆசிட்டில் கிடந்த விரல் அது. நாலு முறை துடைத்துத் துடைத்து வைத்தார்கள். கடைசியில் மை தொட்டுக் காகிதத்தில் உருட்டினார்கள். கறுப்பாக ஒரு வட்டம் விழுந்தது, கோடு ஒன்றும் இல்லை. இரத்தப் பரிசோதனை தேவைப்பட்டால் கூப்பிடுகிறோம் என்றார்கள். கூப்பிடவே இல்லை.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் நிம்மதி போயிற்று. அம்மா அக்காவை மோட்டார் சைக்கிளில் ஏறவிடவில்லை. கடைக்குப் போனால் வாசலிலேயே உட்கார்ந்திருந்தாள். மலையடிவாரத்தில் நடக்கப் போகாதே, கல் உருளும் என்றாள். செவ்வாய், வெள்ளி தவறாமல் உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டாள். பகலில் அக்கா கொஞ்சம் கண்ணயர்ந்தால் அம்மா நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்து மூக்கருகில் விரலை வைத்துப் பார்ப்பாள். அக்கா திடுக்கிட்டு விழிப்பாள். “உயிரோடதான் இருக்கேன், போங்க” என்று சிரிப்பாள். அம்மா சிரிக்கமாட்டாள்.

ஒரு முறை அக்காவுக்குக் காய்ச்சல் வந்தது. சாதாரணக் காய்ச்சல்தான், மூன்று நாளில் போய்விட்டது. அந்த மூன்று நாளும் அம்மா தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. “நான் ஏன் சொன்னேன், நான் ஏன் சொன்னேன்” என்று முணுமுணுத்துக்கொண்டே இருந்தாள். நாற்பது கிலோ கூட இல்லாத உடம்பு, அதிலும் பாதி கரைந்துவிட்டது. இவ்வளவுக்கும் நான்தானே காரணம் என்று எனக்குத் தோன்றியது. ஒரு அட்டைக்காகப் பெற்றவளை உயிரோடு வறுத்துக்கொண்டிருக்கிறோமோ என்றிருந்தது. ஆனாலும் தபால்காரர் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் முதலில் வாசலுக்கு ஓடியதும் நான்தான்.

பதினோரு மாதம் கழித்துக் கடிதம் வந்தது. ஒரு தாள். அரை பக்கம்கூட இல்லை. உங்கள் விண்ணப்பம் பரிசீலிக்கப்பட்டது, வெற்றி பெறவில்லை என்று இருந்தது. காரணம் போடவில்லை. நான் இரண்டு முறை படித்தேன். தாளைத் திருப்பியும் பார்த்தேன்.

“என்ன எழுதியிருக்கு?” என்று அம்மா கேட்டாள்.

“கெடைக்கல.”

“ஏன்? நான்தான் சொன்னேனே?”

“சொன்னீங்க. அவங்க ஒத்துக்கல.”

அம்மா நாற்காலியை என் பக்கம் தள்ளிக்கொண்டு வந்தாள். “அப்ப நான் சொன்னத அவங்க நம்பலையா? இவ எம் புள்ளன்னு அவங்க புஸ்தகத்துல எழுதலையா?”

“எழுதலம்மா” என்றேன்.

அம்மா இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டாள். “நல்லதாப் போச்சு” என்றாள். “நல்லதாப் போச்சு, தாயே.” அவள் முகத்தில் அப்படி ஒரு தெளிச்சியைப் பார்த்து ஒரு வருடம் ஆகியிருந்தது. சோறு கேட்டாள். அக்கா பிசைந்து ஊட்ட, தட்டு நிறையச் சாப்பிட்டாள். மீன் குழம்பு இன்னும் கொஞ்சம் விடச் சொன்னாள். பிறகு கட்டிலில் சாய்ந்தவள் குறட்டை விட்டுத் தூங்கிப்போனாள்.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. யார்மேல் என்று தெரியவில்லை. துரைமேலா, கிராணிமேலா, அந்த அரைப் பக்கத் தாள்மேலா, தூங்கிக்கொண்டிருந்த அம்மாமேலா? அலமாரியிலிருந்து புதுப் படிவம் ஒன்றை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனேன். அக்கா படியில் உட்கார்ந்திருந்தாள். அழுது முடித்திருந்தாள் என்பது முகத்தில் தெரிந்தது.

“மறுபடி எழுதிப் போடுவோம்” என்றேன். “ரத்தம் எடுக்கச் சொல்லி நாமளே கேப்போம். இன்னும் ஒரே ஒரு தடவ அம்மா வந்து சொன்னாப் போதும்.”

“வேணாம்” என்றாள் அக்கா. “இத்தன மாசம் அது பட்ட பாடு போதும். அது இருக்கிற வரைக்கும் வேணாம்.”

“அது போயிட்டா அப்புறம் யாரு வந்து சொல்லுவாக்கா?”

“யாரும் இல்லதான்” என்றாள். “மெதுவாப் பேசு. இப்பத்தான் தூங்குது.”